எங்களுக்கு ஆட்சேபனை இல்லை

கொம்பனிகள் அரசியலை விலைக்கு வாங்குகின்றன என்று பேச்சு வந்தால் எங்கட ஆக்களுக்குக் கொழும்புதான் நினைவுக்கு வரும். மத்திய வங்கிப் பிணைமுறி, அமைச்சரின் மாடிவீட்டு வாடகை, தேர்தல் செலவுக்குப் போன காசோலைகள். வாசித்து, "கள்ளர்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுவோம். எங்கள் ஊரில் ஒரு தொலைபேசி டவர் எழும்பியபோதுதான் அதே சங்கதி ஒழுங்கைக்குள் எப்படி நடந்து வருகிறது என்று கிட்ட நின்று பார்த்தேன். ஒருவரும் ஒருவருக்கும் இலஞ்சம் கொடுக்கவில்லை. ஒருவரும் ஒருவரையும் வெருட்டவும் இல்லை.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். கொம்பனியின் பெயரையும் பிரதேச சபையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. வேறு பெயர்களைப் போட்டு வாசித்தாலும் கதை பெரிதாக மாறாது.

முதலில் வந்தது டவர் இல்லை, லைற். சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் பெடியள் கரப்பந்தாட்டம் விளையாடும் திடலுக்கு நாலு மூலையிலும் பெரிய லைற் பூட்டினார்கள். பிறகு நிலையத்துக்கு இரண்டு கணினி. பிறகு பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அனுசரணை. இல்லங்களின் நிறங்களை விடக் கொம்பனியின் நிறம்தான் திடலில் கூடத் தெரிந்தது. கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல். லைற் திறந்துவைத்த இரவு பிரதம விருந்தினராக வந்தவர் முந்தைய சபையில் உறுப்பினராக இருந்தவர், அடுத்த தேர்தலிலும் கேட்க இருந்தவர். பதாகையில் அவருடைய படமும் கொம்பனியின் சின்னமும் ஒரே அளவு. கணக்கு ரீச்சர் என்பதால் அளவு என் கண்ணில் படும்.

இதில் எதையும் குற்றம் என்று சொல்ல முடியாது. பெடியளுக்கு லைற் தேவைதான். ஆனால் பிறகு ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய கொம்பனிப் பிரதிநிதி, "ரீச்சர், நான் உங்களட்டப் படிச்சனான்" என்று சிரித்தபோது எனக்கு மெல்லப் பிடிபட்டது. கொழும்பிலிருந்து கோட் போட்டவரை அனுப்பியிருந்தால் ஊர் படலையிலேயே மறித்திருக்கும். எங்கள் பிள்ளையை அனுப்பினால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பெடியனில் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு அது உத்தியோகம்.

டவர் வரப்போவது திடலோடு ஒட்டிய, பிரதேச சபைக்குச் சொந்தமான ஒரு துண்டுக் காணியில். சேதி பரவியதும் கூட்டம் போட்டார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டம் முழுக்க ஒரே கேள்வி: கதிர்வீச்சு. புற்றுநோய் வருமோ, மாங்காய் பிஞ்சிலே உதிருமோ, சிட்டுக்குருவி போய்விடுமோ. பயம் பொய்யான பயம் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2011இல் வானொலி அலைகளை 2பி என்ற வகுப்பில், 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்று போட்டது உண்மை. அதே வகுப்பில் ஆசிய நாட்டு ஊறுகாய் வகையும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொம்பனிக்காரர் இதற்கெல்லாம் ஆயத்தமாகத்தான் வந்தார்கள். ஒரு பொறியியலாளர், கையில் ஒரு மீற்றர், சுவரில் விழுத்தின படங்கள். இன்னொரு டவருக்குக் கீழே எடுத்த அளவை வாசித்தார், அனுமதிக்கப்பட்ட எல்லை இவ்வளவு, இது அதற்கு எவ்வளவோ கீழே என்றார். சனம் அடங்கிவிட்டது. கதிர்வீச்சுக்குப் பதில் கிடைத்தவுடன் டவருக்கே பதில் கிடைத்த மாதிரி எல்லோரும் கதிரையை அடுக்கத் தொடங்கினார்கள்.

நான் எழும்பி, "ஒப்பந்தம் எத்தினை வருசத்துக்கு? வாடகை எவ்வளவு? ஆர் கையெழுத்து வைச்சது?" என்று கேட்டேன்.

"அது சபையோட கதைச்ச விசயம் ரீச்சர். உங்களுக்குச் சிக்னல் வேண்டாமோ?" என்றார்கள்.

சிக்னல் வேண்டும். என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், வீடியோவில் முகம் அரைவாசியில் நின்றுபோவது எனக்குத்தான் தெரியும். ஆனால் நான் கேட்டது அதை இல்லையே. 2019இல் யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நடத் தொடங்கியபோதும் இப்படித்தான். தெருவில் இறங்கிய சனத்தின் வாயில் 'ஃபைவ் ஜி' என்ற சொல்தான் இருந்தது. பொது வீதியில் ஒரு தனியார் நிறுவனம் கம்பம் நடுவதற்கு மாநகரசபை என்ன நிபந்தனையில் உடன்பட்டது என்ற கேள்வி அந்தச் சத்தத்துக்குள் அமுங்கிப்போனது. என் அபிப்பிராயம் இது: இப்படியான நேரங்களில் பயம் கொம்பனிக்கு உதவிதான் செய்கிறது. பயத்துக்கு ஒரு மீற்றர் போதும். ஒப்பந்தத்தைப் பற்றிய கேள்விக்குக் கடதாசி காட்ட வேண்டும்.

கடதாசி தேடிப் போனபோதுதான் அடுத்த விசயம் தெரிய வந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தான காலத்தில் சபையில் மக்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட இல்லை. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம், ஒரு வருட நீடிப்பும் முடிந்து, 2023 மார்ச்சில் தீர்ந்துவிட்டது. அந்த மார்ச் 9இல் நடக்க இருந்த தேர்தல், காசு இல்லை என்று நிறுத்தப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6இல். இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. சபையின் அதிகாரம் செயலாளரின் மேசையில். மாகாண சபை அதைவிட மோசம். 2013 செப்டம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது, இன்றுவரை அடுத்தது இல்லை.

தேர்தல் தள்ளிப்போனால் கட்சிக்காரருக்குத்தான் நட்டம் என்று நாங்கள் நினைக்கிறோம். சபை இருந்திருந்தால் அந்தக் காணி விசயம் அமர்வுக்கு வந்திருக்க வேண்டும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவராவது, கொள்கைக்காக இல்லாவிட்டாலும் எரிச்சலுக்காகவாவது, எழும்பிக் கத்தியிருப்பார். அது கூட்டறிக்கையில் ஏறியிருக்கும். சபை இல்லாத காலத்தில் கொம்பனிக்கு ஒரேயொரு கையெழுத்துப் போதும். அந்த அலுவலர் நேர்மையானவராகவே இருக்கட்டும், அவரிடம் கேள்வி கேட்க ஆள் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி இனிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு ஏதாவது கிடைத்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 'ஆர்.டி.ஐ 01' என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில்லாமல் வெள்ளைத் தாளில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. என்னிடம் கேட்டார்கள். "காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு சட்டத்தில இருக்குத் தம்பி" என்றேன், பிறகு கேட்கவில்லை. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் நாட்களை எங்கிருந்து எண்ணுவது?

எப்படிக் கேட்பது என்பதில்தான் முழு விசயமும் இருக்கிறது. 'டவரைப் பற்றிய விபரம் தரவும்' என்று எழுதினால் இரண்டு வரிப் பதில் வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, இணைப்புகளோடு. அதற்கு அனுமதி கொடுத்த தீர்மானம் அல்லது அலுவலரின் எழுத்துமூல முடிவு. காணியின் அளவுப்படம். இதுவரை வந்த வாடகையின் பற்றுச்சீட்டுகள். மற்றத் திணைக்களங்களின் அனுமதிக் கடிதங்கள். ஒவ்வொன்றும் வேறு இலக்கத்தில் இருக்கட்டும், ஒன்றுக்கு மறுத்தாலும் மற்றது வரும். 'இணைப்புகளோடு' என்ற சொல்லை மறக்க வேண்டாம். எனக்குக் கிடைத்த பெரிய விசயம் இணைப்பில்தான் இருந்தது.

தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு வந்த முடிவு: வர்த்தக இரகசியம், தர முடியாது. பலர் இந்த இடத்தோடு விட்டுவிடுவார்கள். அந்த விதிவிலக்கு சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் வெளியிடுவதில் பொதுநலன் கூடுதலாக இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும் என்று அதே 5ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்புக் கிடைத்து 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. 'இது பொதுக்காணி, வாடகை பொதுப்பணம்' என்று மேன்முறையீட்டில் இரண்டு வசனம் எழுதினேன். ஆணைக்குழு வரை போக வேண்டியிருக்கவில்லை.

வந்த கட்டு மெல்லியதுதான். வாடகை மாதக் கணக்கில் பார்த்தால் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சின்னக் கடை அறைக்குக்கூடக் காணாது. ஒப்பந்த காலம் முடிந்தால் நீடிப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை கொம்பனியிடம். சபை மறுக்கலாம் என்ற வாசகம் ஒரு இடத்திலும் இல்லை. வாடகை கூடுவதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கடைசித் தாள் எங்கள் சனசமூக நிலையத்தின் கடிதத் தலைப்பில் இருந்தது. 'மேற்படி கோபுரம் அமைப்பதில் எமது கிராம மக்களுக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.' தலைவர், செயலாளர் கையெழுத்து, நிலையத்தின் ஊதா முத்திரை கொஞ்சம் சரிந்து விழுந்திருந்தது. திகதி, லைற் திறந்துவைத்த அதே கிழமை. அப்போது டவர் என்ற சொல்லே ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

தலைவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை, பாவம். "ரீச்சர், லைற் தந்தவங்கள், ஒரு கடிதம் கேட்டாங்கள். எப்பிடி இல்லையெண்டு சொல்றது?" என்றார். அவருக்கு அது நன்றிக்கடன். கொம்பனியின் கோவையில் அதுவே 'கிராம மக்களின் சம்மதம்'. ஒரு ஊரின் ஜனநாயகம் நாலு லைற்றுக்குப் போனது என்று எழுதினால் மிகை என்பீர்கள். கோவையில் வேறு எந்தச் சம்மதமும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

பத்திரிகைக்குப் போனேன். நிருபர் நல்ல பிள்ளை, கட்டு முழுக்க இருந்து வாசித்தார். "போடலாம் ரீச்சர், கொம்பனிப் பேர் போடேலாது" என்றார். மூன்றாம் பக்கத்தில் 'தனியார் நிறுவனமொன்று' என்று வந்தது. எங்கள் பத்திரிகைகளைத் திட்டுவதற்கு இதைச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் உயிரைக் கொடுத்து வெளிவந்தவை அவை. ஆனால் இன்று முன்பக்கத்தைத் திறந்து பாருங்கள், தொலைபேசி, நிதி நிறுவனம், நகைக்கடை, வெளிநாட்டுப் படிப்பு. விற்பனைக் காசில் மட்டும் பேப்பர் ஓடாது. அதனால் செய்தி கொண்டு போகிறவர் ஆவணத்தின் பிரதியையும் கொண்டு போக வேண்டும். பெயர் போடாவிட்டாலும் வாடகைத் தொகையையும் திகதியையும் போட வைக்கலாம். எங்கள் செய்தியில் அது இரண்டும் வந்தது.

இந்த அலைச்சலுக்குள், வலிகாமத்திலேயே உள்ள சுன்னாகம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. அது டவரைப் போலச் சின்ன விசயம் இல்லை. வற்றாத ஆறே இல்லாத குடாநாட்டில், சுண்ணக்கல்லுக்குக் கீழே தேங்கும் நீரை நம்பி வாழும் சனத்தின் கிணற்றில் ஒயில் மிதந்தது. மின்சார சபைக்கு மின்சாரம் விற்ற நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனத்தின் அனல் மின் நிலையத்தைப் பற்றி ஆளுக்கொரு அறிக்கை வந்தது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவு மற்றப் பரிசோதனைகளோடு ஒத்துப்போகவில்லை. சனம் எந்தத் தாளை நம்புவது என்று தெரியாமல் வாளியோடு தண்ணீர்ப் பவுசருக்கு நின்றது. சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் 2015இல் போட்ட அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரல் 4இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நிறுவனம் 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும், ஒரு கிணற்றைச் சுத்திகரிக்க ஆகக்கூடியது 40,000 ரூபாய். கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்களையும் தீர்ப்பு சும்மா விடவில்லை. வழக்கை வென்றது ஊர்வலங்கள் இல்லை, கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கைகளும் அனுமதிப்பத்திரங்களைப் பற்றிய கேள்விகளும்தான். ஊர்வலம் இல்லாவிட்டால் அந்தப் பரிசோதனைகள் நடந்திருக்குமா என்பது வேறு கேள்வி. நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கடல்நீரேரிக்கு அந்தப் பக்கம் பூநகரி. அங்கேயும் மன்னாரிலுமாக 484 மெகாவாட் காற்றாலை அமைக்க வந்தது அதானி நிறுவனம். 2022 ஜூன் 9இல், கேள்விப்பத்திரப் போட்டி இல்லாமலே இப்படியான திட்டங்களைக் கொடுக்க வழிவிடும் மின்சாரச் சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மறுநாள், இந்தியப் பிரதமரின் அழுத்தம் இருந்ததாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று மின்சார சபையின் தலைவர், அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழுவின் முன் சொன்னார். பிறகு அந்தச் சொல்லை வாபஸ் வாங்கினார், பதவியையும் விட்டார். ஜனாதிபதியும் மறுத்தார். 2024இல் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று விலை அங்கீகரிக்கப்பட்டது. மன்னார் மக்களும் சுற்றாடல் அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள். புதிய அரசாங்கம் விலையைத் திரும்பப் பேச வெளிக்கிட, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கடைசிவரை அந்த ஒப்பந்தத்தை அசைத்தது விலையும் போட்டியில்லாத முறையும்தான். எங்கள் டவரிலும் இதே இரண்டு கேள்விகள்தான், தொகை மட்டும் சின்னது.

தேர்தல் செலவுச் சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி முடிவு வந்து 21 நாட்களுக்குள் வேட்பாளர் வரவு செலவு காட்ட வேண்டும். யார் கொடுத்தது என்றும் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கொம்பனியிடம் வாங்கக் கூடாது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் திடலின் லைற் எந்தக் கணக்கில் வரும்? தேர்தலுக்கு எவ்வளவோ முன்பு, கொம்பனியின் 'சமூகப் பொறுப்பு'க் காசில் வந்தது. வேட்பாளர் சுவிட்சை மட்டும்தான் அழுத்தினார். அதனால் ஊரில் இப்படியான திறப்பு விழாக்களின் படங்களை, திகதியோடும் பதாகையோடும், எடுத்து வையுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும்போது படலையில் வைத்துக் காட்டலாம். நான் காட்டினேன். அவர் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்னும் இரண்டு இடம் அதிகம் பேருக்குத் தெரியாது. 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்ளூர் நிதித் திட்டம் என்றாலும், ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் என்றாலும், தொடங்குவதற்கு 3 மாதத்துக்கு முன்பே பொறுப்பான அமைச்சர் விபரத்தை மக்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. வேலி அடித்த பிறகு ஓடாமல், அந்த அறிவித்தல் எங்கே என்று முதலே கேட்கலாம். மற்றது, அரசோடோ உள்ளூராட்சி மன்றத்தோடோ ஒப்பந்தம் செய்து பொதுச் சேவையை நடத்தும் தனியார் நிறுவனத்திடமும், அந்தச் சேவை மட்டில், தகவல் கேட்கலாம். குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு இது நல்லாப் பொருந்தும்.

டவர் நிற்கிறது. புதிய சபை வந்ததும் கட்டைக் கொண்டுபோய் மூன்று கட்சி உறுப்பினர்களிடமும் கொடுத்தேன், ஒரு கட்சியிடம் மட்டும் கொடுத்தால் அது அந்தக் கட்சியின் கதையாகிவிடும். ஒப்பந்தத்தை முறிக்க ஏலாது, நட்டஈடு கட்ட வேண்டி வரும் என்றார்கள், அது நியாயம்தான். வாடகையை மீளாய்வு செய்யக் கொம்பனிக்கு எழுதுவது என்று தீர்மானம் எடுத்தார்கள், பார்வையாளர் வாங்கில் இருந்து கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

சனசமூக நிலையத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒரு புது விதி நிறைவேறியது. யாரிடமாவது அனுசரணை வாங்கினால் தொகையும் திகதியும் பேப்பர் வாசிக்கும் மேசைக்கு மேலே ஒட்ட வேண்டும். கொடுத்தவருக்குச் சம்பந்தப்பட்ட எந்தக் கடிதமும் பொதுக்கூட்டம் கூட்டாமல் நிலையத்தின் தலைப்பில் போகக் கூடாது. தலைவரே முன்மொழிந்தார். வழிமொழிந்தது பெடியள். அவர்களுக்கு வேறு ஒரு கோபமும் இருந்தது: லைற் தந்தவர்கள் கரண்ட் பில்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதை மாதாமாதம் கட்டுவது நிலையத்தின் சந்தாப் பணம். டவர் வாடகையில் ஒரு பங்கை அந்த பில்லுக்கு ஒதுக்கச் சொல்லிச் சபைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த அமர்வுக்கு முன் கையெழுத்துச் சேர்க்க வேண்டும்.